ஐடிஐயில் இருந்தேன், பதிவேட்டில் இல்லை

எலக்ட்ரீஷியன் படிக்கப் போகிற தம்பிகளுக்கும், அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்க்கிற அப்பா அம்மாவுக்கும் இதை எழுதுகிறேன். இரண்டு வருடப் படிப்பை முடிக்க எனக்கு மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. கையை விட்டுப் போன பணம் ஐம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். அதில் பாதி, அம்மா மகளிர் குழுவில் வாங்கிய கடன். நான் பாடத்தில் பெயிலாகவில்லை, வகுப்புக்குப் போகாமல் ஊர் சுற்றவும் இல்லை. தினமும் பஸ் ஏறிப் போய் உட்கார்ந்து படித்த வகுப்பில், அரசாங்கக் கணக்குப்படி நான் இல்லவே இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

2018இல் பத்தாம் வகுப்பு முடித்தேன், 268 மதிப்பெண். அரசு ஐடிஐக்குத்தான் முதலில் விண்ணப்பித்தோம். கலந்தாய்வில் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் இரண்டும்தான் முதலில் நிரம்பும். என் முறை வந்தபோது வெல்டரும் பிளம்பரும் மிச்சம் இருந்தன. வெல்டர் மோசமான தொழில் இல்லை, இன்று என்னைவிட அதிகம் சம்பாதிக்கிற வெல்டர்களை எனக்குத் தெரியும். ஆனால் மாமா வயரிங் வேலை செய்பவர், நானும் சின்ன வயதிலேயே அவர் பின்னால் ஸ்குரூ டிரைவரோடு அலைந்தவன். அதனால் எலக்ட்ரீஷியன்தான் என்று இருந்தேன். அந்த நேரம் பார்த்து, எங்கள் மணப்பாறைப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் வேன் போட்டு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது ஒரு தனியார் ஐடிஐ. நோட்டீஸில் "மத்திய அரசு அங்கீகாரம் பெற்றது" என்று பெரிய எழுத்தில் இருந்தது. அது பொய்யில்லை. அந்த ஐடிஐக்கு உண்மையாகவே என்சிவிடி, அதாவது மத்திய அரசின் தேசியத் தொழிற்பயிற்சிக் கவுன்சிலின் இணைப்பு இருந்தது, அப்பா தெரிந்தவர்களிடம் விசாரித்து உறுதி செய்துகொண்டுதான் பணம் கட்டினார். வருடத்துக்கு 28,000 கட்டணம். சீருடை, டூல் பாக்ஸ், தேர்வுக் கட்டணம் என்று தனியாக ஆறாயிரம். பத்தாம் வகுப்பு அசல் மதிப்பெண் சான்றிதழையும் டிசியையும் வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டார்கள்.

முதல் வருடம் நன்றாகவே போனது. தொடக்கத்தில் கரண்டே கண்ணில் காட்ட மாட்டார்கள். அரத்தைக் கையில் கொடுத்து இரும்புத் துண்டை மட்டமாக ராவச் சொல்வார்கள், கை கொப்பளிக்கும். அப்புறம் வயர் ஜாயின்ட்: பிரிட்டானியா, மேரீட், டி ஜாயின்ட், ராட் டெயில். அப்புறம்தான் ஓம் விதி, சீரீஸ், பாரலல், எர்த்திங், மீட்டர் எல்லாம். எங்கள் சார் நல்ல மனிதர், மில்லில் பல வருடம் மெயின்டனன்ஸ் பார்த்துவிட்டு வந்தவர். டெஸ்டர் எரியவில்லை என்பதற்காக ஒயரைத் தொடாதே, டெஸ்ட் லாம்ப் போட்டுப் பார், நியூட்ரலையும் நம்பாதே என்று தினமும் சொல்வார். இன்றைக்கும் எந்த டிபியை (மின் பகிர்மானப் பெட்டியை) திறந்தாலும் அவர் குரல்தான் காதில் கேட்கும். ஒன்று மட்டும் உறுத்தியது. ஒர்க் பெஞ்சுக்கு அடித்துக்கொள்வோம். வகுப்பில் முப்பத்து நான்கு பேர், பெஞ்சும் கருவிகளும் இருபது பேருக்குத்தான். தனியார் ஐடிஐ என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டோம்.

2019இல் முதலாண்டுத் தேர்வு வந்தது. ஹால் டிக்கெட் கொடுக்கும்போது ஒரு பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார்கள். இருபது பெயரோடு பட்டியல் முடிந்துவிட்டது. மீதிப் பேர் நின்றுகொண்டே இருந்தோம். "உங்களுக்கெல்லாம் சர்வர் பிராப்ளம் தம்பி, சாயங்காலம் வந்துடும்" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். சாயங்காலம் வரவில்லை. மறுநாள் "டெல்லியில இருந்து அப்ரூவல் வரணும்" என்றார்கள். தேர்வு நாளன்று, துணைத்தேர்வில் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது என்று சொல்ல வெட்கமில்லை. அப்பாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், தேர்வு எழுதிவிட்டேன் என்று சொல்லிச் சில வாரம் ஓட்டினேன்.

நடந்தது என்ன என்பதை வேறொரு ஐடிஐயில் வேலை பார்க்கும் ஒருவர்தான் எனக்கு விளக்கினார். அங்கீகாரம் என்பது கட்டடத்துக்கு மொத்தமாகக் கொடுக்கிற முத்திரை கிடையாது. தொழிற்பிரிவு வாரியாக, யூனிட் வாரியாகக் கொடுப்பது. எலக்ட்ரீஷியனுக்கு ஒரு யூனிட் என்றால் இருபது இடம். ஒரே ஐடிஐயில் ஃபிட்டருக்கு இரண்டு யூனிட்டும், எலக்ட்ரீஷியனுக்கு ஒன்றும், இன்னொரு பிரிவுக்கு ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். எங்கள் ஐடிஐக்கு எலக்ட்ரீஷியனில் இருந்தது ஒரே யூனிட். சேர்த்தது முப்பத்து நான்கு பேரை. இருபது பேரின் பெயரை மட்டும் மத்திய அரசின் இணையப் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறார்கள். மிச்சப் பேரிடம் கட்டணம் வாங்கினார்கள், வருகைப் பதிவு எடுத்தார்கள், சீருடை கொடுத்தார்கள், பதிவு மட்டும் செய்யவில்லை. யாராவது நடுவில் நின்றுவிடுவார்கள், அந்த இடத்தில் எங்களைச் சொருகிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. அந்த வருடம் யாரும் நிற்கவில்லை.

அதனால் சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி "அங்கீகாரம் இருக்கிறதா" என்பது இல்லை. "எலக்ட்ரீஷியனுக்கு எத்தனை யூனிட், இந்த வருடம் எத்தனை பேரைச் சேர்த்திருக்கிறீர்கள்" என்று கேளுங்கள். இணைப்பு ஆணையைக் காட்டச் சொல்லுங்கள், ஒழுங்கான இடம் என்றால் காட்டுவதில் அவர்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. சேர்ந்த பிறகு ஒவ்வொரு மாணவனுக்கும் அந்த இணையப் பதிவேட்டில் ஒரு பதிவு எண் வரும். அந்த எண் உங்கள் பெயரில் வந்துவிட்டதா, அதை வைத்துத் தேடினால் உங்கள் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, தொழிற்பிரிவு எல்லாம் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். நாங்கள் ஒரு வருடம் உட்கார்ந்திருந்தும் அந்த எண் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. வருகைப்பதிவில் தினமும் பெயர் கூப்பிட்டார்கள், போதாதா என்று இருந்துவிட்டோம்.

அப்புறம் நடந்த இழுபறியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பாவும் நானும் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டோம். ரசீதைக் காட்டச் சொன்னார்கள். ரசீது இருந்தது, ஆனால் அது ஒரு அறக்கட்டளையின் பெயரில் நன்கொடை ரசீது. படிப்பின் பெயரோ ஐடிஐயின் பெயரோ அதில் இல்லை. அசல் சான்றிதழைக் கேட்டால் இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கு அதிகம் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். பணம் போனால் சம்பாதிக்கலாம், பதினாறு வயதுப் பையனின் மதிப்பெண் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசுவதை என்னவென்று சொல்வது? கடைசியில் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி, அதன் நகலை ஐடிஐயில் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் பேச்சின் தொனி மாறியது. அதுவரை வாயால் எத்தனை முறை கேட்டும் ஒன்றும் நடக்கவில்லை. சான்றிதழைக் கொடுத்தார்கள். பணம் வரவில்லை. அடுத்த சேர்க்கையில் முதலாண்டில் முறைப்படி பதிவு செய்துவிடுகிறோம், முதலாண்டுக் கட்டணம் மறுபடி வேண்டாம் என்றார்கள். எங்களோடு மாட்டியவர்களில் பாதிப் பேர் படிப்பையே விட்டுவிட்டார்கள். நான் ஒத்துக்கொண்டேன், ஆனால் பதிவு எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வகுப்புக்குப் போனேன்.

இடையில் கிடைத்த நேரத்திலும், பிறகு கொரோனாவில் ஐடிஐ மூடிக் கிடந்த மாதங்களிலும் மாமாவோடு வேலைக்குப் போனேன். ஹெல்பர் சம்பளம் 450 ரூபாய். அந்த நாட்கள் வீண் என்று சொல்ல மாட்டேன். ஐடிஐயில் மோட்டார் வைண்டிங், ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர், பேனல் எல்லாம் சொல்லித் தருவார்கள். வீட்டு வேலையின் சூட்சுமம் சைட்டில்தான் வரும். கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் கொட்டுவதற்கு முன் ரூஃப் பைப் போட்டுவிட வேண்டும், ஃபேன் பாக்ஸ் நகராமல் கட்ட வேண்டும். கலவை இறங்கியபின் பைப் நசுங்கியிருந்தால் கடவுளாலும் ஒயர் இழுக்க முடியாது. சுவரில் காடி எடுக்கும்போது பீமை வெட்டிவிடக் கூடாது. ஏசிக்கு எத்தனை ஸ்கொயர் ஒயர், கீசருக்கு எத்தனை என்று பார்த்து, வீட்டுக்காரர் காசு மிச்சம் பிடிக்கச் சொன்னாலும் அங்கே கை வைக்கக் கூடாது. பாயிண்ட் கணக்கில் ரேட் பேசுவதா, சதுர அடிக் கணக்கிலா என்பதே ஒரு தனிப் பாடம். பாயிண்ட் கணக்கு என்றால் வீட்டுக்காரர் நடுவில் கூட்டச் சொல்கிற பாயிண்டுக்கெல்லாம் காசு வரும். சதுர அடிக் கணக்கில் வேலை தொடங்கும் முன்பே எத்தனை பாயிண்ட் என்று எழுதி வாங்கிக்கொள்ளாவிட்டால் அது நம் தலையில்தான் விடியும்.

கொரோனாவால் தேர்வெல்லாம் தள்ளிப் போய், ஒரு வழியாக 2021 கடைசியில் முடித்தேன். எண்பது சதவீத வருகை வேண்டும் என்பதும், தியரி கம்ப்யூட்டரில் எழுதுவது என்பதும் பலருக்குத் தெரியாது. மௌஸ் பிடித்துப் பழகாதவர்கள் அதிலேயே தடுமாறினார்கள், தெரிந்த கடையில் உட்கார்ந்தாவது கொஞ்சம் பழகிக்கொள்வது நல்லது. சான்றிதழ் வந்ததும் முதல் வேலையாகப் பெயரைப் பார்த்தேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், ஆதாரில் முன்னால், ஐடிஐ சான்றிதழில் காணவே காணோம் என்று இருந்தால் அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் நிறுத்தி வைத்துவிடுவார்கள். திருத்துவதென்றால் ஐடிஐ வழியாகத்தான் போக வேண்டும். படித்துக்கொண்டிருக்கும்போதே செய்தால் சுலபம்.

அடுத்தது அப்ரண்டிஸ், அதாவது உதவித்தொகையோடு கம்பெனியில் எடுக்கும் தொழிற்பழகுநர் பயிற்சி. ஐடிஐ முடித்துவிட்டுப் பலர் இதை விட்டுவிடுகிறார்கள், கட்டட வேலையில் கிடைக்கும் கூலியோடு ஒப்பிட்டால் உதவித்தொகை குறைவாகத் தெரியும் என்பதால். என் அபிப்பிராயத்தில் முடிந்தால் விடக் கூடாது. தெற்கு ரயில்வேயில் தேர்வு இல்லாமல், மதிப்பெண் தரவரிசையை வைத்தே எடுப்பார்கள். ஐடிஐ முடித்தவர்களுக்கு வயது வரம்பு 24, ஓபிசிக்கு மூன்று வருடமும் எஸ்சி, எஸ்டிக்கு ஐந்து வருடமும் தளர்வு உண்டு. என் மதிப்பெண்ணுக்கு அங்கே கிடைக்கவில்லை. எங்களோடு மாட்டிய ஒரு அண்ணன் குடும்பச் சூழலால் வயது கடந்து ஐடிஐ சேர்ந்தவர், நல்ல மதிப்பெண். அந்த ஒரு வருடம் வீணாகாமல் இருந்திருந்தால் வயதுத் தளர்வுக்குள் வந்திருப்பார். ஹால் டிக்கெட் வராத அன்று எங்களில் யாருக்கும் இது உறைக்கவில்லை, அவருக்கும்கூட.

எனக்குத் துவாக்குடிப் பக்கம் பேனல் போர்டு செய்யும் ஒரு தொழிற்சாலையில் இடம் கிடைத்தது. அதற்கு முன் வேறொரு கம்பெனியில் "அப்ரண்டிஸ்தான் தம்பி, நாளைக்கே வந்துடு" என்று கூப்பிட்டார்கள். ஒருமுறை சூடு பட்டவன் அல்லவா, அப்ரண்டிஸ் இணையதளத்தில் ஒப்பந்தம் பதிவாகுமா, எண் கொடுப்பீர்களா என்று கேட்டேன். அதெல்லாம் எதுக்கு என்றார்கள். வந்துவிட்டேன். அப்ரண்டிஸ் சட்டப்படி பதிவாகாத ஒப்பந்தத்தில் ஒரு வருடம் உழைத்தாலும் அது சும்மா குறைந்த சம்பள வேலைதான். பதிவானால் மட்டுமே முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வு எழுதி என்ஏசி என்கிற தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் வாங்க முடியும். ரயில்வேயின் அடிப்படை நிலையான லெவல் ஒன்று பணியிடங்களில் 20 சதவீதம் இப்படி அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கென்று ஒதுக்குகிறார்கள், அதில் கேட்பது ரயில்வேயிலேயே முடித்த அப்ரண்டிஸா என்பதை அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குக் கிடைத்தது மாதம் 8,000. சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் சரியாகப் போனது. ஆனால் காண்டாக்டர், ரிலே, டைமர் வைத்துக் கண்ட்ரோல் ஒயரிங் செய்யக் கற்றது அங்கேதான். இன்று ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸில் இருக்கிறேன். அந்த வேலை கிடைத்ததே டிராயிங்கைப் பார்த்து ஸ்டார்ட்டர் பழுதைக் கண்டுபிடித்ததால்தான்.

இங்கே மாமா கதையைச் சொல்லியாக வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் வயரிங் செய்பவர், எட்டாவதோடு பள்ளியை விட்டவர். அவர் செய்த வீட்டுக்கு மின் இணைப்பு வாங்க வேண்டும் என்றால், உரிமம் உள்ள ஒப்பந்ததாரர் ஒருவர் வேலை முடிந்ததற்கான அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். வேலை முழுக்க மாமா, கையெழுத்துக்குப் பணம் இன்னொருவருக்கு. உரிமம் இல்லாதவர் மின் நிறுவல் வேலை செய்யக் கூடாது என்பது 1956இன் இந்திய மின்சார விதிகளிலேயே 45ஆவது விதியாக இருந்தது, பின்னால் வந்த விதிகளிலும் தொடர்கிறது. தமிழ்நாட்டில் இதற்கான சான்றிதழ்களைக் கொடுப்பது மின் உரிமம் வழங்கும் வாரியம். கம்பியாள் உதவியாளர், கம்பியாள், மேற்பார்வையாளர் என்று படிப்படியாக இருக்கிறது. அதற்கு மேல்தான் ஒப்பந்ததாரர் உரிமம். அதற்கு மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி), எர்த் டெஸ்டர் போன்ற கருவிகளும் தகுதிச் சான்று பெற்ற ஆட்களும் இருப்பதாகக் காட்ட வேண்டும். படிக்காதவர்களுக்கும் வழி உண்டு. 21 வயது முடிந்து, வயரிங்கில் ஐந்து வருட அனுபவம் இருந்தால் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம், குறிப்பிட்ட அரசு ஐடிஐக்களில் நடத்துகிறார்கள். மாமாவிடம் சொன்னபோது, "இந்த வயசுல பரீட்சையா மாப்ள, போடா" என்றார். அத்தை விடவில்லை. அனுபவச் சான்றுதான் பெரிய பாடாகிப் போனது, அத்தனை வருடம் யாரிடமும் கணக்கில் இல்லாமல் உழைத்தவருக்கு யார் எழுதிக் கொடுப்பார்கள்? கையெழுத்துப் போட்டுக் காசு வாங்கிய அதே ஒப்பந்ததாரரிடம் கேட்டுத்தான் வாங்கினோம். இதனால்தான் சொல்கிறேன், தனியாரிடம் வேலைக்குப் போனாலும் உரிமம் உள்ளவரிடம் போங்கள், வருடா வருடம் லெட்டர்பேடில் ஒரு அனுபவச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து மொத்தமாகக் கேட்டால் அவர் இருப்பாரோ, மனஸ்தாபம் இல்லாமல் இருப்பாரோ.

மற்ற வழிகளைப் பற்றி நிறையப் பேர் கேட்பதால் சொல்லிவிடுகிறேன். மின்வாரியக் கள உதவியாளர் வேலைக்கு எலக்ட்ரீஷியன், ஒயர்மேன் ஐடிஐ கேட்பார்கள், ஆனால் அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருந்தே வயதைக் கழித்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அதை நம்பி மற்ற வேலையை விடாதீர்கள். ரயில்வே உதவி லோகோ பைலட்டுக்கு ஐடிஐ போதும், கணக்கு தெரிந்திருக்க வேண்டும். டிப்ளமா படிக்க ஆசை இருந்தால் ஐடிஐ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், மேற்பார்வையாளர் சான்றிதழுக்கு அதுதான் நல்ல பாதை. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு வருட ஐடிஐ முடித்து, தமிழ், ஆங்கில மொழித்தாள்களையும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். சோலார் வேலை, 2024இல் பிரதமரின் சூர்ய கர் திட்டம் வந்து மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று ஆனபின் எங்கள் பக்கமும் பிடித்துவிட்டது. உயரத்தில் ஏறத் தயங்காதவர்களுக்கு நல்ல வரும்படி. வளைகுடா போகிறவர்கள் ஏஜென்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடிப் பாருங்கள். பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். லட்சத்தில் கேட்பவரிடம் அந்த எண்ணைக் கேட்டாலே பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

இப்போதே ஏதாவது ஒரு தனியார் ஐடிஐயில் படித்துக்கொண்டிருப்பவர்கள், நாளைக்குப் போனதும் பதிவு எண்ணைக் கேளுங்கள். அடுத்த வாரம் என்று சொன்னால் அடுத்த வாரமும் கேளுங்கள். சேர்க்கைக் காலத்திலேயே தெரிந்துவிட்டால் தப்பிக்க இடம் உண்டு, அரசு ஐடிஐக்களில் காலியாக இருக்கும் இடங்களுக்குக் கலந்தாய்வு முடிந்தபின் நேரடிச் சேர்க்கை நடக்கும். அங்கே பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் சைக்கிளும் கொடுக்கிறார்கள். காலம் தாண்டிவிட்டால் புகாரை எழுதியே கொடுங்கள், ஒப்புகை இல்லாமல் திரும்பாதீர்கள். கட்டணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகக் கட்டுங்கள். ரசீதில் ஐடிஐயின் பெயர், தொழிற்பிரிவு, கல்வியாண்டு மூன்றும் இருக்கட்டும். அசல் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டிவிட்டு, நகலை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள்.